இமை ஏன் தாழ்கிறது?

வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில் அமைந்த ஊர் பள்ளிகொண்டா. அரங்கநாதர் அங்கே பள்ளி கொண்ட கோலத்தில் காட்சி தருவதால் ஊருக்கு இப்பெயர் வழங்குகிறது. திருமாலின் துயிலை நம் முன்னோர் 'அறிதுயில்' என்றனர். கண் மூடியிருந்தும் எல்லாம் அறிந்திருக்கும் நிலை அது. மனிதருக்கோ கணக்கு வேறு. இமை தாழ்ந்தால் உறக்கம், உயர்ந்தால் விழிப்பு.

ஆனால் நன்றாக விழித்திருக்கும்போதே மேலிமை பாதி தாழ்ந்து, கண்ணின் மேல் ஒரு கூரைபோல் கவிந்து கிடப்பவர்களை நாம் எங்கும் காண்கிறோம். ஐம்பது, அறுபது வயதைக் கடந்த பலருக்கு இவ்வாறு நேர்கிறது. சிலருக்கு இளமையிலேயே, ஏன், பிறவியிலேயே இருக்கிறது. உலகம் இவர்களைத் 'தூங்குமூஞ்சி' என்று கேலி செய்கிறது. இமை ஏன் தாழ்கிறது என்று கேட்பவர் குறைவு.

இந்தக் கேள்விக்கு விடை காண மருத்துவ உலகுக்கு இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றின் இரண்டு முக்கியமான பக்கங்கள் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. ஒன்று, வடஆர்க்காட்டின் தோல் தொழிலோடு உறவுடையது. மற்றொன்று, வேலூரை அடுத்த கரிகிரியில் தொழுநோயாளிகளுக்கு நடந்த பணியோடு உறவுடையது. இமை தாழ்வது ஒரே நோயன்று. தோல், தசை, நரம்பு ஆகிய மூன்றில் எது தளர்ந்தாலும் அது நேரலாம். இதை அறிந்துகொண்டதே அந்த வரலாற்றின் சாரம்.

இமை என்னும் கதவு

இமையை ஒரு கதவு என்று கொள்வோம். அதைத் திறக்க ஓர் ஏற்பாடும் மூட வேறோர் ஏற்பாடும் உள்ளன. மேலிமையை உயர்த்துவது, கண் குழியின் உட்பகுதியிலிருந்து புறப்பட்டு இமைக்குள் வந்து இணையும் ஒரு மெல்லிய தசை. மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பு அதனை இயக்குகிறது. அதற்குத் துணையாக 'முல்லர் தசை' என்னும் சிறு தசை ஒன்றும் உண்டு. ஜெர்மானியரான ஹைன்ரிக் முல்லர் 1858இல் இதனை விவரித்தார். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகளின் ஆணைப்படி இது வேலை செய்கிறது.

இமையை மூடுவது, கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த மற்றொரு தசை. இதனை இயக்குவது முகநரம்பு எனப்படும் ஏழாவது நரம்பு. புருவத்தை உயர்த்தும் நெற்றித் தசையும் இதே நரம்பின் ஆட்சியில்தான் உள்ளது.

இனி, கதவின் மேற்பூச்சைக் காண்போம். இமைத் தோல் உடலின் மற்ற இடங்களில் உள்ள தோலைவிட மிக மெல்லியது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நாம் நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து முறை கண் சிமிட்டுகிறோம். தடித்த தோலாயின் இது இயலுமா? தோலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தடுப்புச் சவ்வும், அதற்கும் பின்னால் கண்ணைத் தாங்கும் கொழுப்பு மெத்தையும் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலே உத்தரம்போல் நிற்பது புருவம்.

ஆகவே கதவு தாழ்ந்திருக்கிறது என்றால், தூக்கும் கயிறு அறுந்ததா, கயிற்றை இழுக்க ஆணை வரவில்லையா, மேற்பூச்சு நழுவிக் கீழே தொங்குகிறதா, உத்தரமே இறங்கிவிட்டதா என்று நான்கு கேள்விகள் எழுகின்றன. வெளியே நிற்பவர் கண்ணுக்கு நான்கும் ஒன்றுபோலவே தோன்றும். பழைய மருத்துவர்களைத் திணறடித்தது இதுவே.

கத்தியும் குச்சியும்

பண்டைய மருத்துவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததை முதலில் கவனித்தார்கள். தெரிந்தது தோல். நம் நாட்டின் சுசுருத சம்கிதை இமை நோய்களுக்கு எனத் தனிப் பகுதியே ஒதுக்கியுள்ளது. இமை மயிர் உள்நோக்கித் திரும்பிக் கண்ணை உறுத்தும் நோய்க்கு அது கூறும் சிகிச்சை வியப்புக்குரியது. புருவத்துக்கும் இமை விளிம்புக்கும் இடையே, வாற்கோதுமை மணியின் வடிவில் தோலை அளவாக வெட்டி எடுத்து, காயத்தை மயிரிழையால் தைக்க வேண்டும் என்கிறது அந்நூல். மிகுதியான இமைத் தோலை அகற்ற இன்றும் அறுவை மருத்துவர் குறிக்கும் கோடு ஏறத்தாழ இதே வடிவில்தான் அமைகிறது. நோக்கம் வேறாயினும் முறை நெருங்கிய உறவுடையது.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியின் செல்சஸ், தளர்ந்த மேலிமையின் தோலில் ஒரு பகுதியை வெட்டித் தைப்பது பற்றி எழுதினார். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் வாழ்ந்த கண் மருத்துவர் அலி இப்னு ஈசா, மிகுதியான தோல் மடிப்பை இரு சிறு குச்சிகளுக்கிடையே இறுக்கிக் கட்டி, அது தானே பட்டுப்போய் உதிரும்படி செய்யும் முறையைக் கூறினார். மயக்க மருந்து அறியாத காலத்தில் இவற்றைத் தாங்கிக்கொண்ட நோயாளிகளின் பொறுமையை என்னென்பது!

இம்முறைகள் சிலருக்குப் பயன்பட்டிருக்கும், சிலருக்குப் பயன்பட்டிரா. குறை தசையிலோ நரம்பிலோ இருக்குமாயின், தோலை எவ்வளவு வெட்டினாலும் இமை எழுமா?

நரம்பின் கதை

19ஆம் நூற்றாண்டில் தோலுக்கு உள்ளே நோக்கும் காலம் பிறந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பெல் 1821இல் முகநரம்பைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். முகத்தின் தசைகளை அசைப்பது இந்த நரம்பே என்பது அவரது ஆய்வுகளால் விளங்கலாயிற்று. இது கெட்டால் கண்ணை மூட முடிவதில்லை. அதே பக்கத்துப் புருவமும் கீழே சரிகிறது. கண் மூடாமலும் இருக்கிறது. புருவம் சரிந்து மேலே கவிந்தும் நிற்கிறது. வெளித்தோற்றம் நம்மை எப்படி ஏமாற்றும் என்பதற்கு இது நல்ல சான்று.

1869இல் சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹோர்னர், நாற்பது வயதுடைய ஒரு பெண்ணின் நோயை விவரித்தார். அவரது ஒரு பக்க இமை சற்றே தாழ்ந்திருந்தது. அதே பக்கத்துக் கண்மணி சுருங்கியிருந்தது. முகத்தின் அப்பக்கம் வியர்க்கவில்லை. இமைக்கும் வியர்வைக்கும் என்ன தொடர்பு? இரண்டும் பரிவு நரம்புகளின் ஆட்சியில் உள்ளவை. கழுத்து வழியே செல்லும் அந்த நரம்புப் பாதை எங்கோ பழுதாகியிருந்தது. இமையில் தெரிந்த குறைக்குக் காரணம் கழுத்திலோ மார்பிலோகூட இருக்கலாம் என்பதை மருத்துவர்கள் இதனால் கற்றுக்கொண்டனர்.

காலையில் உயர்ந்திருக்கும் இமை மாலையில் தாழ்ந்துவிடும் நோய் ஒன்றும் உண்டு. 'மயஸ்தீனியா' எனப்படும் இந்நோய் நெடுநாள் புதிராகவே இருந்தது. 1934இல் இலண்டனின் கிரீன்விச் பகுதி மருத்துவமனையில் பணிபுரிந்த மேரி வாக்கர் என்னும் பெண் மருத்துவர், இந்நோயின் குறிகள் குராரே என்னும் நஞ்சின் விளைவைப் போல் இருப்பதைக் கருதினார். அந்நஞ்சுக்கு மாற்றாகத் தரப்படும் மருந்தையே தம் நோயாளிக்கு ஊசி மூலம் செலுத்தினார். தாழ்ந்திருந்த இமை சிறிது நேரத்தில் உயர்ந்தது! சில மணி நேரம் கழித்து மீண்டும் தாழ்ந்தது. தசையும் கெடவில்லை, நரம்பும் கெடவில்லை. நரம்பு தசைக்குச் செய்தி தரும் சந்திப்பில்தான் கோளாறு என்பதற்கு அந்த இமை சாட்சி கூறியது.

இதற்கிடையே தோலையும் கொழுப்பையும் கூர்ந்து கண்டவர்களும் உண்டு. பாரிசில் சிஷெல் என்பவர் 1844இல், மேலிமையில் கொழுப்பு பிதுங்கி நிற்பதால் ஏற்படும் தொங்கலை விவரித்தார். வியன்னாவின் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் 1896இல், இமை அடிக்கடி வீங்கி வற்றித் தோல் தளர்ந்துபோகும் நிலைக்கு 'பிளெஃபரோகலாசிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'இமைத் தளர்ச்சி' என்பதே அதன் பொருள்.

ஆனால் தோல் ஏன் தளர்கிறது? அதற்கு விடை காண, தோல் எதனால் ஆனது என்று அறிய வேண்டியிருந்தது.

தோல் நாட்டுப் பாடம்

வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தோலைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒரே மாட்டின் முதுகுப் பகுதித் தோல் இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதித் தோல் தளர்வாகவும் இருப்பதைப் பதனிடும் தொழிலாளி விரலால் தொட்டே சொல்லிவிடுவார். நார்கள் நெருக்கமாகப் பின்னியிருந்தால் இறுக்கம். இடைவெளி விட்டுப் பின்னியிருந்தால் தளர்வு. அந்த நார்கள் 'கொல்லாஜன்' என்னும் புரதத்தால் ஆனவை. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீங்கி, தேவையற்றவை கழிந்தபின் எஞ்சுவது பெரும்பாலும் கொல்லாஜன்தான். ஆவாரம் பட்டையின் சாறோ, குரோமிய உப்போ அந்த நார்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகாமல் காக்கின்றது. பதனிடுதலின் இரகசியம் இதுவே.

இத்தொழிலுக்கு அறிவியல் துணை வேண்டிச் சென்னை அடையாற்றில் 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் அண்டையில், கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952இல் தலைமை ஏற்று வந்தார் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. கொல்லாஜனின் அமைப்பை உலகில் எவரும் திட்டமாகக் கண்டறியாத காலம் அது. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு கொல்லாஜன் மாதிரிகளைப் பெற்று, கங்காருவின் வால் தசைநாண் வரை எக்ஸ் கதிர்களால் படம் பிடித்து ஆராய்ந்தார். 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் தங்கள் முடிவை 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டது என்ன? கொல்லாஜன் மூன்று இழைகளால் ஆனது. கூந்தலை மூன்று கால் எடுத்துப் பின்னுவது போலன்றி, மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறுபோல் அவை சுற்றிச் செல்கின்றன. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைந்திருக்கிறது. அது சிறியதாக இருப்பதால்தான் மூன்று இழைகளும் இவ்வளவு நெருங்க முடிகிறது. 1955இல் இவர்களே தங்கள் மாதிரியை மேலும் திருத்தி வெளியிட்டனர். மூன்று புரி என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது.

இப்போது இமைக்கு வருவோம். வயது ஏற ஏறத் தோலில் புதிய கொல்லாஜன் உண்டாவது குறைகிறது. இழுத்து விட்டால் மீளும் தன்மையைத் தரும் 'எலாஸ்டின்' நார்களும் நைந்துபோகின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களும் புகையிலைப் புகையும் இச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. ஒவ்வாமையால் கண்ணை ஓயாமல் கசக்குவது, அடிக்கடி இமை வீங்கி வற்றுவது ஆகியவையும் தோலை இழுத்து நெகிழச் செய்கின்றன. மற்ற இடங்களில் சுருக்கம் மட்டுமே தரும் தளர்ச்சி, மெல்லிய இமைத் தோலில் மடிப்பாகத் தொங்குகிறது. பின்னால் உள்ள தடுப்புச் சவ்வும் நெகிழ்ந்து கொழுப்பு முன்னே பிதுங்குகிறது. புருவமும் சற்றே இறங்குகிறது. இவை யாவும் சேர்ந்ததே முதுமையில் காணும் கவிந்த இமை.

கரிகிரியின் பாடம்

வேலூரில் 1902இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை, பின்னாளில் கண் மருத்துவமனையாக விளங்கியது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் அவர். அடுத்த ஆண்டு அவருடைய மனைவி மார்கரெட் பிராண்டும் வந்து சேர்ந்தார். அவர் மருத்துவரே ஆயினும் கண் மருத்துவத்தில் தனிப் பயிற்சி பெற்றவரல்லர். கண் பிரிவில் ஆள் தேவைப்பட்டதால் அங்கே அனுப்பப்பட்டார். செய்து செய்தே கற்றுக்கொண்டார்.

அந்நாளில் வடஆர்க்காடு மாவட்டத்தில் தொழுநோய் மிகுதி. 1955இல் கரிகிரியில் ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கு வந்தவர்களின் முகத்தில் மார்கரெட் கண்டவை யாவை? சிலருக்கு நெற்றியிலும் இமையிலும் நோய் படர்ந்து தோல் தடித்திருந்தது. சல்ஃபோன் மருந்தால் நோய் தணிந்தபின், தடித்து விரிந்த தோல் பழைய அளவுக்குச் சுருங்க வழியின்றித் தளர்ந்து மடிந்தது. இளம் வயதினருக்கும் முதியவரைப் போன்ற கவிந்த இமை! புருவ மயிர் முற்றிலும் உதிர்ந்திருந்தது. வேறு சிலருக்கு முகநரம்பின் கிளை கெட்டு, கண் மூடவே இல்லை. உறக்கத்திலும் கண் திறந்தே கிடந்தது.

இவ்விரண்டில் எது ஆபத்தானது? பார்ப்பவர் முகம் சுளிப்பது மடிந்த இமையையும் மயிரற்ற புருவத்தையும் கண்டு. ஆனால் பார்வையைப் பறிப்பது மூடாத இமை. சிமிட்டாத கண்ணில் கண்ணீர் பரவுவதில்லை. கார்னியா என்னும் கண்ணாடி போன்ற முன்படலம் உலர்ந்து புண்ணாகிறது. அப்படலத்தின் உணர்ச்சி நரம்பும் நோயால் மரத்துப்போயிருப்பதால் நோயாளிக்கு வலியே தெரிவதில்லை. கையும் காலும் தேய்வது நோயின் நேரான வேலையன்று, உணர்ச்சி இழந்ததால் நேரும் காயங்களின் விளைவு என்று பால் பிராண்ட் காட்டியிருந்தார். கண்ணுக்கும் அதே நீதி பொருந்துவதைக் கண்ட மார்கரெட், நினைவாகக் கண் சிமிட்டும் பழக்கத்தை நோயாளிகளுக்குக் கற்பித்தார்.

பழக்கம் போதாதவர்களுக்கு அறுவை சிகிச்சை. உங்கள் விரல்களை இரு பொட்டிலும் வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு தசை திரள்வது தெரியும். மெல்லுவதற்கு உதவும் இத்தசையை இயக்குவது முகநரம்பன்று; ஐந்தாவது நரம்பு. ஆகவே முகநரம்பு கெட்டவருக்கும் இத்தசை வேலை செய்யும். இதிலிருந்து ஒரு கீற்றைப் பிரித்து, இமைகளின் ஓரமாகச் செலுத்தி, மூக்கோரத்தில் தைத்துவிட்டால், பல்லைக் கடிக்கும்போதெல்லாம் கண் மூடும். பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் கில்லீஸ் 1934இல் வெளியிட்ட இந்த வழி, தொழுநோயாளிகளின் கண்களைக் காக்கக் கைகொடுத்தது. உணவை மெல்லும்போது கண்ணும் சிமிட்டும்; பார்க்க விந்தையாக இருக்கலாம். பார்வை பிழைத்தது அல்லவா!

தளர்ந்த தோலை அகற்றுவதும், தலையின் மயிருள்ள தோலிலிருந்து ஒரு துண்டை அதன் இரத்தக் குழாயோடு கொண்டுவந்து புருவமாக அமைப்பதும் அங்கே செய்யப்பட்டன. தலைமயிர் ஆகையால் அப்புருவம் வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். சிலர் அதைக் கத்தரிக்காமல் நீளமாக வளரவிட்டுப் பெருமிதம் கொண்டார்களாம். புருவம் மீண்டபோது ஊருக்குள் நடமாடும் துணிவும் மீண்டது. இதைப் புறத்தோற்றத்துக்கான வீண் வேலை என்று யார் சொல்ல முடியும்?

1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தபின் தொழுநோய் வெகுவாகக் குறைந்தது. 2005இன் இறுதியில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் அளவை இந்தியா எட்டியது. எனினும் நோய் அடியோடு ஒழிந்துவிடவில்லை. தொடக்கத்திலேயே மருந்து உண்டவருக்கு இமையும் கெடுவதில்லை, விரலும் கெடுவதில்லை.

நோயல்லாத இமை

கவிந்த இமை எல்லாம் குறையன்று. தசையின் நார்கள் இமைத் தோலோடு இணையும் உயரத்தைப் பொறுத்து இமையின் மடிப்பு அமைகிறது. கிழக்கு ஆசிய மக்களில் பலருக்கு அவை தாழ்வாக இணைவதால் மடிப்பே இல்லாத இமை இயல்பாக உள்ளது. நம் ஊரிலும் தாத்தா, தந்தை, மகன் எனச் சில குடும்பங்களில் கவிந்த இமை சாயலாக இறங்கி வருகிறது.

இதை மறந்தவர்கள் பெருந்தவறு செய்தனர். 1866இல் இலண்டன் மருத்துவர் லாங்டன் டவுன், மனவளர்ச்சி குன்றிய சில குழந்தைகளின் இமை அமைப்பைக் கண்டு அவர்களுக்கு 'மங்கோலியர்' என்று பெயரிட்டார். ஓர் இனத்தையே இழிவுபடுத்திய அப்பெயர் நூறு ஆண்டுகள் நிலவியது. 1959இல் பிரான்சின் லெஜூன் குழுவினர், அக்குழந்தைகளிடம் 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதியாக இருப்பதே காரணம் என்று காட்டினர். 1965இல் உலக சுகாதார நிறுவனம் அப்பெயரைக் கைவிட்டது. இன்று அது 'டவுன் கூட்டறிகுறி' எனப்படுகிறது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

முதியவர் ஒருவரின் தொங்கும் தோல் மடிப்பை விரலால் மெல்ல உயர்த்திப் பாருங்கள். இமை விளிம்பு, கருவிழியின் மேலோரத்தைச் சிறிதளவே மறைத்து இயல்பான இடத்தில் நின்றால் குறை தோலில். விளிம்பே கண்மணி வரை இறங்கியிருந்தால் குறை தசையிலோ நரம்பிலோ இருக்கலாம். தோல் மடிப்பு பார்வையின் மேற்பகுதியை மறைக்கும்போது, அவர் தம்மை அறியாமலே புருவத்தை உயர்த்திக்கொண்டே இருப்பார். நெற்றிச் சுருக்கமும் மாலைநேரத் தலைவலியும் இதனால் வரலாம். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் தலையை அண்ணாந்தால், அது வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் காட்டலாம். மிகுதியான தோலை அகற்றுவது இன்று எளிய சிகிச்சை.

குழந்தைக்குப் பிறவியிலேயே இமை கண்மணியை மறைத்தால் காத்திருக்கக் கூடாது. பார்க்கப் பழகாத கண்ணின் பார்வை பின்னர் வளர்வதில்லை. காலையில் நன்றாயிருந்து மாலையில் தாழும் இமையும் சோதிக்கப்பட வேண்டியதே. எல்லாவற்றிலும் அவசரமானது, திடீரெனத் தாழும் இமை. அதனுடன் கடுந்தலைவலி, பொருள்கள் இரண்டாகத் தெரிதல், ஒரு கண்மணி மட்டும் விரிதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், மூளையின் இரத்தக் குழாய் ஒன்று புடைத்து மூன்றாவது நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். அந்நேரத்தில் ஒரு மணி நேரமும் வீணாகலாகாது.

ஆகவே அடுத்த முறை இமை தாழ்ந்த ஒருவரைக் காணும்போது, 'தூங்குமூஞ்சி' என்னும் சொல் நாவில் வருமுன், தாழ்ந்திருப்பது தோலா, தசையா, நரம்பா, குடும்பச் சாயலா என்று எண்ணிப் பாருங்கள். தாழ்ந்தது அண்மையில்தான் என்றால், எப்போது தொடங்கியது என்று அவரையே கேளுங்கள்.